யாழ்ப்பாணத்துப் பட்டியும் ஓவியர் தூரிகையும்

ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரிலுள்ள மௌரிட்ஸ்ஹௌஸ் ஓவியக்கூடத்திற் காளையொன்றின் ஓவியம் தொங்குகின்றது. பவுலஸ் பொட்டர் என்னும் ஓவியர் ஏறத்தாழ இருபத்திரண்டு வயதினராயிருந்தபோது, 1647 ஆம் ஆண்டில், அதனைத் தீட்டினார். அதன் அகலம் ஏறத்தாழ 3.4 மீற்றர்; உயரம் 2.3 மீற்றருக்குச் சற்று மேல். காளை உயிருள்ள காளையின் அளவிலேயே நிற்கின்றது. அருகே பசுவொன்றும் செம்மறிகளும் இடையன் ஒருவனும் உளர். காளையைச் சுற்றி மொய்க்கும் ஈக்களையும், நிலத்திற் குந்தியிருக்கும் தவளையையும் கூட அவ்விளைஞர் விட்டுவைக்கவில்லை. அரசருக்கும் அடியார்க்குமே உரியதெனக் கருதப்பெற்ற பெருந்திரையினை உழவனின் மாட்டிற்கு அளித்தமை அக்காலத்திற் புதுமையானதொரு துணிவாகும்.

அவ்வோவியம் தீட்டப்பெற்றுப் பதினோராண்டுகள் கழிந்தபின், 1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அவ்வோவியரின் நாட்டவர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த 137 ஆண்டுகள் அவர்களே குடாநாட்டை ஆண்டனர். மாட்டையும் ஆட்டையும் கோழியையும் பாற்குடத்தையும் ஓவியப் பொருளாக்குவதில் ஐரோப்பாவில் அவர்களை விஞ்சியோர் எவருமிலர். அவர்களால் ஆளப்பட்ட குடாநாடோ கால்நடையின்றி ஒருநாளும் வாழாத நாடு. இவ்விரண்டும் ஒன்றரை நூற்றாண்டளவு ஒருங்கிருந்தும், யாழ்ப்பாணத்து உழவனின் கொட்டிலும் பட்டியும் தனிப்பொருளாய் அமைந்த பழைய ஓவியத்தைக் காண்பது இன்று அரிது. இவ்வரிமைக்குக் காரணம் யாது? நம்மவர்க்கு ஓவிய உணர்வு இல்லையென்பது எளிதான விடை. ஆயினும் பொருந்தாத விடை. குடாநாட்டின் விலங்குருவங்கள் எங்கே சென்று தங்கின என்பதைத் தேடிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஐரோப்பியர் இத்தகைய படங்களை எதற்காகத் தீட்டுவித்தனர் என்பதை நோக்குதல் வேண்டும். அழகுணர்வு மட்டும் காரணமன்று. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நிலக்கிழார் கால்நடை இனங்களைத் தேர்ந்து பெருக்குவதிற் பேரார்வங் கொண்டனர். தாம் வளர்த்த எருதின் பருமனை ஊரறியச் செய்ய ஓவியரை அமர்த்தினர். ‘டறம் எருது’ எனப் புகழ்பெற்ற விலங்கினை யோன் போல்ற்பீ என்பார் 1802 ஆம் ஆண்டிலே தீட்ட, அதன் அச்சுப்படங்கள் ஓராண்டுள் 2,000 இற்கு மேல் விற்பனையாயின. இலங்கை ஆங்கில முடிக்குரிய குடியேற்ற நாடாகியதும் அதே 1802 இலேயே. அக்காலத்து எருது ஓவியங்களை நோக்குவோர் நகைக்காதிருக்க முடியாது. சிறுதலை, குச்சிக்கால், இவற்றிடையே பெட்டியொன்றனைப் போன்ற பேருடல். உரிமையாளர் விரும்பியவாறு ஓவியர் கொழுப்பை ஏற்றினர். மரச்செதுக்கு ஓவியத்தில் வல்லவரான தோமஸ் பியூவிக், செம்மறிகளின் உடலில் இல்லாத கொழுப்புத் திரள்களை வரையுமாறு தம்மைக் கேட்டதையும் தாம் மறுத்ததையும் தமது வாழ்க்கைக் குறிப்பிற் பதிந்துள்ளார். ஆகவே பழைய ஓவியம் என்றவுடன் அதனை உண்மையின் நேர்ப்பதிவாகக் கொள்ளல் வரலாற்று மாணவர்க்குத் தகாது. விற்பனை விளம்பரமாகவும், சொத்துப் பத்திரமாகவும், பெருமைப் பேச்சாகவும் அது அமைந்ததுண்டு.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஆறில்லாத இக்குடாநாட்டில் வேளாண்மை கிணற்றையும் எருவையும் நம்பியது. துலாவில் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையை வாங்கி வாய்க்காலிற் கவிழ்ப்பார். சில இடங்களிற் சூத்திரக் கிணற்றைச் சுற்றி மாடுகள் நடந்தன. புகையிலைத் தோட்டத்திற்கு இலைக்குழை தாழ்ப்பதும், அறுவடை கழிந்த நிலத்தில் மாட்டையும் ஆட்டையும் இரவிற் பட்டியடைத்து எருவேற்றுவதும் இங்கு நெடுங்கால வழக்கங்கள். எமேர்சன் தெனன்ற் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், இக்கிணற்றுப் பயிர்ச்செய்கையை வியந்து எழுதியுள்ளார். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும், காணிக்கும் சீதனத்துக்கும் அடுத்துக் கால்நடை பற்றிய வழக்கங்கள் இடம்பெறுகின்றன. சட்டம் மாட்டைக் கண்டது. வரி தண்டியோர் கண்டனர். தூரிகை மட்டும் காணவில்லை.

புலவர் கண்டனர் என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈழத்துப் பள்ளு நூல்களான கதிரைமலைப் பள்ளும், போர்த்துக்கேயர் காலத்து ஞானப்பள்ளும், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளும் உழவுத் தொழிலையே களமாகக் கொண்டவை. மாட்டு வகையும் நெல் வகையும் கலப்பையின் உறுப்புகளும் அடுக்கி உரைக்கப்படுதல் பள்ளின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. மயிலை, செவலை, புல்லை, மோழை என நிறத்தாலும் கொம்பாலும் மாட்டை இனங்கண்டு பெயரிடும் வழக்கு, ஓவியனுக்கு வேண்டிய அதே கூர்நோக்கினின்றும் பிறந்ததாகும். எனினும் பள்ளிற் பாட்டுடைத் தலைவன் வேறு, உழைப்பவன் வேறு. பண்ணைக்காரனும் பள்ளனும் நகைச்சுவைக்கு உரியோராய் நிற்க, மாட்டுப் பட்டியல் ஓசை நயத்துக்காக நீள்கின்றது. எருதின் பருமனைப் பெருக்கிய ஆங்கில ஓவியரின் மிகையோடு பள்ளுப் புலவரின் மிகையையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் வேண்டும். இங்கே பெருக்கப்படுவது கொழுப்பன்று, எண்ணிக்கை.

சொல்லிற் பதிந்தது சுவரில் ஏன் பதியவில்லை? தமிழ்நாட்டில் அவ்வாறு பதிந்ததற்குச் சான்றுண்டு. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசற் குகைக்கோயிலின் விதானத்தில், கி.பி. 9 ஆம் நூற்றாண்டளவில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தில், மீனுக்கும் அன்னத்துக்கும் யானைக்கும் இடையே எருமைகளும் நீரில் நிற்கின்றன. சமண சமயக் கருத்தை உணர்த்த வந்த ஓவியனே ஊர்க்குளத்து எருமையைக் கண்ணாரக் கண்டு வரைந்துள்ளான். குன்றில்லாத குடாநாட்டிற் குடைவரை இல்லை. கல்லாலும் சாந்தாலும் எழுந்த கோயில்களும் நிலைக்கவில்லை. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1621 ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பிலிப்பு டி ஒலிவேறாவினால் இடிக்கப்பட்டது. பிற கோயில்களும் அவ்வழியே சென்றன. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலேயே கோயில்கள் மீண்டும் எழலாயின. இடைப்பட்ட நூறாண்டளவிற் சுவரோவியத்துக்குச் சுவரே இல்லை எனலாம். குடிமக்களின் வீடோ மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்டது. ஆண்டுதோறும் மெழுகப்பெறும் சுவரில் எவ்வோவியமும் அடுத்த தைப்பொங்கலைக் காணாது.

அழியாது எஞ்சியது செப்புக்காசு. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயங்களிற் படுத்திருக்கும் காளையின் உருவமும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறிக்கப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். முதலியார் இராசநாயகம் 1926 ஆம் ஆண்டிலே தமது ஆங்கில நூலில் இவற்றை ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்த ஆய்வாளரும் விரித்துரைத்துள்ளனர். காளை சைவ அரசின் சின்னம் என்ற அளவில் நாம் நின்றுவிடுகின்றோம். அக்காசைக் கையில் எடுத்துச் சந்தைக்குச் சென்ற உழவன் அதில் நந்தியைக் கண்டானா, தன் பட்டி மாட்டைக் கண்டானா என்ற வினா எழுப்பப்படுவதில்லை. இரண்டையும் வேறாகக் காணும் பழக்கம் அவனுக்கு இருந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இக்கருத்துக்கு வலுவளிப்பது கோயிலின் வாகனசாலை. குடாநாட்டுக் கோயிலொன்றின் வாகனசாலையில், திருவிழா இல்லாத நாளில், அரையிருளிற் சற்றுநேரம் நின்று பார்த்தல் வேண்டும். இடபம் நிற்கும், முருகன் கோயிலாயின் மயிலோடு ஆட்டுக்கடாவும் நிற்கும், அம்மன் கோயிலிற் காமதேனுவும் இருத்தல் கூடும், பிள்ளையாருக்கு எலி, வைரவருக்கு நாய். முருகனின் கொடியிற் சேவல். புராணம் கற்றோர் இவற்றுக்குத் தத்துவப் பொருள் உரைப்பர். அது அவர்தம் துறை. வரலாற்று மாணவர் கண்ணுக்கு அங்கே தெரிவது வேறொன்று. ஒரு யாழ்ப்பாணத்து வீட்டின் வளவிற் காணப்படும் உயிர்களுட் பெரும்பாலானவை அங்கே வரிசையாக நிற்கின்றன. கொட்டிலில் மாடு, வேலியோரத்தில் ஆடு, முற்றத்திற் கோழி, வாயிலில் நாய், கோற்காலைக்குள் எலி. மரத்திற் கடைந்து வண்ணந் தீட்டப்பெற்ற இவையே குடாநாட்டின் விலங்கு ஓவியக்கூடம்.

கோயில் எல்லா விலங்கையும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் மறத்தலாகாது. வன்னிப் பெருநிலத்தின் சேற்று வயலை உழுத எருமைக்கு வாகனசாலையில் இடமில்லை. அது யமனுக்கு ஊர்தியாகவும், மகிடாசுரனாகவுமே நினைவுகூரப்படும். மானம்பூத் திருவிழாவில் அவனுக்கு ஈடாக வாழை வெட்டப்படுகின்றது. பொதி சுமந்த கழுதைக்கும் இதே கதியே. ஆதலின் வாகனங்களைக் கொண்டு அக்காலக் கால்நடைக் கணக்கெடுப்பு நடத்த முற்படுதல் தவறாகும். எவ்விலங்கை உயர்ந்ததெனச் சமூகம் கொண்டது என்பதையே அவை காட்டும். எவ்விலங்கு அதிகம் உழைத்தது என்பதை அவை காட்டா.

வாகனங்களிற் பழமை ஏன் தென்படுவதில்லை என்பது அடுத்த வினா. ஐரோப்பாவில் ஓவியத்தின் மதிப்பு அதன் பழமையில் உள்ளது. மேற்பூச்சு மங்கினாலும் நிறம் கறுத்தாலும் முதல் ஓவியனின் கைத்தடம் காக்கப்படுகின்றது. நம் கோயில் மரபில் மங்கிய வாகனம் குறையுடையது. கும்பாபிடேகந்தோறும் அது புதுக்கப்படல் வேண்டும். பழைய வண்ணம் சுரண்டப்பட்டோ மறைக்கப்பட்டோ புதிய வண்ணம் ஏறுகின்றது. பின்னர்க் கடையில் வாங்கும் எனாமல் வண்ணமும் வந்து சேர்ந்தது. இதனை அறியாமை என்று இகழ்தல் எளிது. நானும் ஒருகாலத்தில் அவ்வாறே இகழ்ந்தேன். வழிபடப்படும் பொருளுக்கு முதுமை தகாது என்னும் நம்பிக்கை ஒருபுறமும், பழம்பொருளைக் காத்தல் வேண்டும் என்னும் வரலாற்றாளரின் ஆசை மறுபுறமும் நிற்க, வாகனத்தின் உரிமையாளர் யார் என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

பட்டிப்பொங்கலை நோக்கின் இம்மரபு இன்னுந் தெளிவாகும். தைப்பொங்கலின் மறுநாள் மாடுகளை நீராட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலையிட்டு, அரிசிமாக் கரைசலாலும் மஞ்சள் குங்குமத்தாலும் உடலில் வட்டங்கள் இடுவர். ஒல்லாந்தன் மாட்டைத் திரையிலே தீட்டினான். நம்மவன் மாட்டின்மேலேயே தீட்டினான். முன்னது முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. பின்னது ஒரு மழைக்கு நில்லாது. மாட்டின் உடலில் நிலைத்து நின்ற கோலம் ஒன்றே: குறிசுட்ட தழும்பு. எழுத்தாகவும் கோடாகவும் வளையமாகவும் அமைந்த அக்குறிகள் உரிமையைக் காட்டுவன. தன் எருதின் ஓவியத்தைச் சுவரில் மாட்டி உரிமை பாராட்டிய ஆங்கில நிலக்கிழாருக்கு நிகராக இங்கே காய்ச்சிய இரும்பு நின்றது. மாட்டுக்கு எது மேல் என்று கேட்பின், அது ஓவியத்தையே விரும்பியிருக்கும்!

அயலவர் வரைந்தவற்றை இனி நோக்கலாம். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பல்தேயு பாதிரியார் 1672 ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெருநூலிற் குடாநாட்டுப் பங்குகளின் தேவாலயப் படங்கள் இடம்பெற்றன. தெல்லிப்பளை, வட்டுக்கோட்டை, பருத்தித்துறை முதலாய ஊர்களைச் செப்புத்தகட்டு அச்சிற் காணும் வாய்ப்பை நமக்கு அளித்தவர் அவரே. ஆயின் அப்படங்களின் தலைவன் கட்டடம்; ஊரும் மரமும் மாந்தரும் அதற்குத் துணை. மேலும், தாம் காணாத நாட்டின் மரத்தையும் விலங்கையும் தாம் அறிந்தவற்றின் சாயலிலே வெட்டுதல் அக்கால அச்சுப்பட வினைஞரின் வழக்கம் என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

ஆம்ஸ்ரடாம் ஓவியரான எசாயஸ் பூர்ஸ் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் 1662 ஆம் ஆண்டில் இலங்கை வந்து, எளிய மக்களின் அன்றாட வாழ்வைத் தம் சித்திரப் புத்தகத்தில் வரைந்தார். பத்தேவியாவிற் குருவாயிருந்த யான் பிரண்டஸ் 1785 – 86 காலப்பகுதியில் இலங்கையிலே தங்கிச் செடியையும் விலங்கையும் மனிதரையும் ஆர்வத்தோடு வரைந்தார். இவ்விருவர் படைப்புகளும் இன்று ஆம்ஸ்ரடாம் றைக்ஸ் நூதனசாலையில் உள. எனினும் கப்பலும் பதவியும் அவர்களைத் தென்னிலங்கைக் கரையோரத்திலேயே பெரிதும் நிறுத்தின. யாழ்ப்பாணம் கம்பனிக்கு யானை விற்கும் சந்தையாகவும், சாயவேரும் துணியும் புகையிலையும் தரும் நிலமாகவும் விளங்கியது. கணக்கேடுகள் நிரம்பின, சித்திரப் புத்தகம் நிரம்பவில்லை.

பொட்டரின் காளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வேறொரு தொடர்பு 1795 இல் நேர்ந்தது. அவ்வாண்டிலே பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. ஆளுந்தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். அவருடைய ஓவியச் சேமிப்பிலிருந்த காளை பரிசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு லூவர் மாளிகையிலே காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே நிகழ்ச்சியின் விளைவாக ஆங்கிலேயர் இலங்கைக் கரையோரத்தின்மேற் படை நடத்த, 1795 செத்தெம்பர் 28 இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைப்பட்டது. 1815 இல் நெப்போலியன் வீழ்ந்தபின் காளை தன் நாட்டுக்கு மீண்டது. யாழ்ப்பாணம் மீளவில்லை, கைமாறியவாறே இருந்தது.

ஆங்கிலேயர் காலத்திற்குரியனவாக நமக்கு நெருங்கிய சான்று தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் கிடைக்கின்றது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அவ்வூர் ஓவியர் கம்பனி அலுவலர்க்கென வரைந்த தொகுதிகளில், உழவனும் மனைவியும், இடையனும் மனைவியும், செக்காட்டுவோனும் மனைவியும் என இணையிணையாக மாந்தர் நிற்பர். திருச்சிராப்பள்ளியில் மெல்லிய மைக்காத் தகட்டிலும் இவை தீட்டப்பெற்றன. திமில், நுகம், கலப்பையின் வளைவு, பாற்கலத்தின் வடிவு ஆகியன அவற்றில் நுணுக்கமாக அமைந்துள்ளமையால், இலண்டன் நூதனசாலைகளிலுள்ள அப்படங்கள் கடல் கடந்த நம் உழவுக் கருவிகளை ஒப்பிட்டறியவும் உதவும். ஆனால் அங்கே உழவன் தன் வயலில் நிற்கவில்லை. வெறுந்தாளிற் சாதிப் பெயரின் எடுத்துக்காட்டாக நிற்கின்றான். மாடும் அவ்வாறே. வாங்குவோன் விரும்பியது வாழ்க்கையை அன்று, வகைப்பாட்டை. ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் கண்டி நாட்டுக் கைவினைஞர்க்குச் செய்த பெருந்தொண்டினை யாழ்ப்பாணத்து வாகனத் தச்சர்க்கும் வண்டில் செய்வோர்க்கும் செய்ய அக்காலத்தில் ஒருவர் முன்வராமை நம் போகூழே.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1894 ஆம் ஆண்டிற் பம்பாயிலே தொடங்கிய இரவிவர்மா அச்சகத்தின் வண்ணப்படங்கள் தெய்வ உருவங்களை வீடுதோறும் புகுத்தின. தேவர்களைத் தன் உடலிற் கொண்ட பசுவும் அவற்றுள் ஒன்று. பள்ளிக்கூடங்களிற் சித்திரம் ஒரு பாடமாகியபின் ஆசிரியர் பலர் தூரிகை ஏந்தினர். 1938 ஆம் ஆண்டில் எஸ். ஆர். கனகசபையின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் ‘வின்சர் ஆர்ட் கிளப்’ அமைந்தது. இலங்கையின் தலைமைச் சித்திரக்கலைப் பரிசோதகராக விளங்கிய வின்சரின் பெயரை அது தாங்கியது. தன் கண்முன் உள்ள நிலத்தை, தன் ஊர் வெயிலில், தைலவண்ணத்தில் தீட்டும் நோக்கு அவர்கள் வழியே குடாநாட்டில் வேரூன்றலாயிற்று. பின்வந்த மாற்கு (1933 – 2000) முதலானோர் நவீன ஓவியத்தின் பக்கம் சென்றனர். பனங்கூடலும் துலாவும் மாட்டு வண்டிலும் ஓவியப் பொருளாக மதிக்கப்பெற்ற காலத்திலேயே அவை வாழ்விலிருந்து விலகத் தொடங்கின என்பது கருதத்தக்கது. நீரிறைக்கும் இயந்திரம் துலாவை இறக்கியது. உழவு இயந்திரம் நுகத்தைப் பரணில் ஏற்றியது. திருக்கல் வண்டில் மறைய, ஓட்டப்போட்டிக்குரிய சவாரி வண்டில் மட்டும் எஞ்சியது.

இவ்வாறு தாமதமாகப் பிறந்த மரபுக்கும் காலம் இரங்கவில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டபோது, கையில் எடுத்தவை உடையும் உணவும் உறுதிப்பத்திரமுமே. சுவரிற் சட்டமிட்டுத் தொங்கிய ஓவியத்தைச் சுமந்து செல்ல எவருக்கு மனம் வரும்? கயிறவிழ்த்து விட்ட மாட்டைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வலிகாமத்துக் கோயிலொன்றிற் கும்பாபிடேகத் திருப்பணி நடந்தபோது, இடப வாகனத்தைப் புதுக்குவதை அருகிருந்து பார்த்தேன். வினைஞர் உளி போன்ற தகட்டால் வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெண்மையின்கீழ் மங்கிய வெண்மை, அதன்கீழ் மஞ்சள் கலந்த மற்றொரு பூச்சு, அதன்கீழ் மரம். கழுத்தின் மடிப்பில், தகடு புகாத இடத்தில், செந்நிறத்திற் சலங்கைக் கயிறொன்று நுண்ணிய கோடாக எஞ்சியிருந்தது. மேலுள்ள பூச்சில் அவ்விடத்தில் அத்தகைய கயிறு இல்லை. பழைய ஓவியன் ஒருவன் தன் காலத்து மாட்டின் கழுத்திற் கண்டதை அங்கே வைத்திருக்கலாம். நிழற்படம் ஒன்று எடுத்துக்கொள்ள இசைவு வேண்டினேன். வினைஞர் தலையசைத்துச் சற்று விலகி இருந்தார். படம் எடுத்து முடிந்ததும் உப்புத்தாளை எடுத்து அம்மடிப்பையும் தேய்க்கலானார்.